கார்டு போட்டாச்சா, அப்பா?

என் சாமிக்கு,

உன் அப்பன் எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஆப்பிரிக்காவில் நீ போர்வெல் போடுகிற காட்டிலிருந்து பேசினால் ரிக் வண்டியின் சத்தம்தான் தெளிவாகக் கேட்கிறது, நீ பேசுவது பாதிதான் வந்து சேருகிறது. அந்தப் பாதி என்ன வேலை செய்யும் என்பதை நம் வீட்டில் இப்போது எல்லோரும் பட்டுத் தெரிந்துகொண்டுவிட்டோம். உங்கள் கம்பெனியிலிருந்து இன்னொரு ஆள் அங்கே கிளம்புகிறாராம். அவர் கையில் உன் அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் இந்தக் கடிதமும் வருகின்றன. முதலில் ஊறுகாயைத் திறந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கடிதத்தைப் படி. கோபம் கொஞ்சம் குறைவாக வரும்.

விஷயம் இதுதான். நித்யாவுக்கு மாசம் நெருங்கிவிட்டது. எடுத்த வேலை முடியாமல் பிரசவத்துக்கு வர முடியாது என்கிறாய். குழந்தையின் முதல் போட்டோவை நான்தான் எடுத்து அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். உன் அம்மா முதலில் அதற்குத் தடை போட்டாள். கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். காரணம், நித்யாவின் கட்டுச்சோற்று விருந்து. அந்தப் போட்டோவெல்லாம் எங்கே என்று நீ ஒவ்வொரு முறை கேட்கும்போதும், கம்ப்யூட்டர் சென்டர்காரன் ஊரில் இல்லை என்று சொல்லிவந்தேன். அவன் ஊரில்தான் இருக்கிறான். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறான்.

நீ கிளம்பும்போது அந்தச் சின்ன டிஜிட்டல் கேமராவை என் கையில் கொடுத்தது நினைவிருக்கும். என் போனின் கேமராக் கண்ணாடி கோழிப்பண்ணைத் தரையில் விழுந்து உடைந்ததிலிருந்து, அதில் எதை எடுத்தாலும் மார்கழி மாசத்து விடிகாலை மாதிரிதான் தெரிகிறது. "இது ரொம்ப சிம்பிள்ப்பா, பட்டன அமுத்துனா போதும்" என்றாய். உன் அம்மா மட்டும் வாசற்படியில் நின்றுகொண்டு, "ஏனுங்க, சேலம் போறப்ப இதுக்குன்னு தனியா ஒரு பொஸ்தகம் விப்பாங்க, வாங்கிட்டு வாங்க. ஒண்ணும் தெரியாம அதுல கைய வெக்காதீங்க" என்றாள். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். டப்பாவுக்குள்ளேயே ஒரு புத்தகம் இருக்கும்போது தனியாக எதற்கு என்றாய் நீ. நான் அதற்கும் ஒருபடி மேலே போனேன். லாரி ஓட்டியவன், பிறகு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் மேஸ்திரியாக இருந்தவன், எந்த வண்டிக்கும் புத்தகம் படித்ததில்லை, உள்ளங்கையில் அடங்குகிற இதற்கா படிக்கப்போகிறேன் என்றேன். அப்பனும் மகனும் ஒத்துப்போவது நம் வீட்டில் அபூர்வம். ஒத்துப்போன காரியம் எதுவும் உருப்பட்டதில்லை என்பதை அன்றைக்கு இருவருமே மறந்துவிட்டோம். நாம் சேர்ந்து வாங்கிய அந்தப் பழைய டிராக்டர் இன்னும் கொட்டாய்க்குப் பின்னால்தான் நிற்கிறது. கோழிகள் அதில் முட்டையிடுகின்றன.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீ அந்தக் கேமராவின் அடிவயிற்றைத் திறந்து, நகத்தளவு ஏதோ ஒன்றை உருவிப் பர்சில் வைத்துக்கொண்டாய். கல்யாணப் படங்களும் கொல்லிமலை போய்வந்த படங்களும் அதில் இருப்பதாக நித்யாவிடம் சொன்னாயாம். என்னிடம் சொல்லவில்லை. குடலை உருவிக்கொண்டு உடம்பை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனவன் நீ. பழியில் பாதி உன்னுடையது.

விருந்துக்கு நாள் குறித்த பிறகு நீ பேசினாய். ரிக் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "அப்பா... புதுசா... கார்டு போட்டுருங்க... மறந்துராதீங்க." சரி சாமி என்றேன். வைத்ததும் உன் அம்மாவிடம், "பையன் கார்டு போடச் சொல்றான்" என்றேன். அவளுக்கு வந்ததே கோபம். கட்டுச்சோறு என்பது, பெண்ணைப் பெற்றவர்கள் மாசமான மகளுக்கு விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து போட்டு, பிரசவத்துக்குத் தங்கள் ஊருக்கு அழைத்துப்போகிற விருந்து. நெருங்கிய சொந்தத்துக்கு வாயால் சொன்னால் போதும். "கட்டுச்சோத்துக்கு எவனாச்சும் கார்டு அடிப்பானுங்களா? சிரிக்க மாட்டாங்களா?" என்றாள். "உம்பட மகன் வெளிநாட்டுல இருக்கறவன். நாலு இடம் பாத்தவன் காரணமில்லாம சொல்லுவானா?" என்று வாயை அடைத்துவிட்டு ராசிபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

நன்றாகத்தான் அடித்துக் கொடுத்தார்கள். மஞ்சள் தடவின மூலை, மேலே பிள்ளையார், உள்ளே உன் பெயரும் நித்யா பெயரும். கையில் வாங்கியதும் எனக்கே பெருமையாகிவிட்டது. பெருமை வந்தால் கை நிற்காது. அயோத்தியாப்பட்டணத்து அத்தையில் ஆரம்பித்து, பட்டறையில் கூட வேலை செய்தவர்கள், லாரி ஓட்டிய காலத்து ஆட்கள் என்று கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் போட்டேன். இதற்கிடையில் நீ மறுபடியும் கூப்பிட்டாய். அன்றைக்கு லைன் கண்ணாடி மாதிரி இருந்தது.

"கார்டு போட்டாச்சாப்பா?"

"போட்டாச்சு சாமி. ஒருத்தரு உடாம போட்டாச்சு."

"ஒருத்தரு உடாமயா? ஒண்ணு போதுமேப்பா. எத்தன ஜிபி?"

பட்டறை முதலாளியை நாங்கள் எல்லோரும் ஜி.பி. என்றுதான் கூப்பிடுவோம், உனக்கும் தெரியும். "நமக்கு இருக்கறது ஒரே ஜிபிதான சாமி" என்றேன்.

"ஒரு ஜிபி பத்தாதுப்பா" என்றாய் நீ. அதோடு லைன் போய்விட்டது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த மனிதர் ஒருவர் பந்தியில் உட்கார்ந்தாலே பரிமாறுகிறவனுக்கு மூச்சு வாங்கும். அவர் பத்தாது என்று இவன் ஏன் சொல்கிறான் என்று யோசித்துப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அவர் தம்பிக்கும் ஒரு கார்டு கொடுத்துவிட்டு வந்தேன்.

விருந்தன்று காலையில் சாமியானா கட்டி முடிந்ததும் கேமராவை எடுத்துப் பழகிப் பார்த்தேன். நீ சொன்னது சரி. அமுக்கினால் போதும். என் கட்டைவிரல் படத்தில் விழுந்தது. சாமியானாக் கம்பம் ஒன்று விழுந்தது. கரண்டியோடு போன உன் அம்மாவின் முதுகு விழுந்தது. நித்யா தலைகூடப் பின்னாமல் வெளியே வந்தவள் என்னைப் பார்த்து எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள், அதையும் ஒரு தட்டுத் தட்டினேன். இன்னும் ஒன்றிரண்டு எடுத்திருப்பேன். அதற்குள் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்ததில் கடைசி வார்த்தை மட்டும் பிடிபட்டது. ஃபுல். லாரி ஓட்டியவனுக்கு இதைவிட நிம்மதியான வார்த்தை கிடையாது. டேங்க் ஃபுல் என்றால் ராத்திரி முழுக்கக் கவலையில்லாமல் ஓட்டலாம். அன்றைக்குப் பகல் முழுக்க நான் எத்தனை முறை அமுக்கினாலும் அது ஃபுல்லாகவே இருந்தது. கொஞ்சம்கூடக் குறையவில்லை. வெளிநாட்டுக்காரன் செய்தால் செய்ததுதான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

வந்த கூட்டத்தைச் சொல்ல வேண்டும். கார்டு வந்திருக்கிறதே, பெரிய விசேஷமாகத்தான் இருக்கும் என்று வேன் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கூட்டத்தைப் பார்த்ததும் வீரம் வந்துவிட்டது. மைக்கை வாங்கி, "தயவுசெஞ்சு யாரும் போனைத் தூக்கிக்கிட்டு குறுக்க வராதீங்க. போட்டோவுக்குன்னு எம்மகன் தனியா கேமரா குடுத்துட்டுப் போயிருக்கறான்" என்று அறிவித்தேன். மீறி எடுக்கப் போன இரண்டு பேரின் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். நித்யாவுக்கு நலங்கு வைத்து வளையல் போடும்போது ஒருத்தரையும் நெருங்கவிடாமல் முன்னால் மண்டிபோட்டு அமுக்கித் தள்ளினேன். அயோத்தியாப்பட்டணத்து அத்தைக்குத்தான் சந்தேகம் வந்தது. "ஏம்பா, கல்யாணத்துல மின்னலு மாதிரி வெளிச்சம் அடிச்சாங்களே, உன்னுது ஒண்ணும் அடிக்கலியே?" என்றது. "அதெல்லாம் பழைய கேமராவுக்கு அத்தை. நல்ல கேமரா கண்ணைக் கூச வெக்காது" என்றேன். அத்தை மறுபடியும் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு போஸ் கொடுத்தது.

உன் மாமனார் சேந்தமங்கலத்திலிருந்து டெம்போவில் சோற்றுப் பாத்திரங்களோடு வந்து இறங்கினார். சாமியானாவுக்குள் எட்டிப் பார்த்தவர், வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பி நம் கதவைப் பார்த்தார். பிறகு என்னை ஓரமாக அழைத்துப் போனார். பொறுமையான மனிதர். அன்றைக்கு அவர் கழுத்து நரம்பு தெரிந்தது. "ஏனுங்க சம்பந்தி, கட்டுச்சோறுங்கறது கையில கட்டிட்டு வர்ற சோறுங்க. லாரில ஏத்திட்டு வர்ற சோறில்லீங்க" என்றார். முதல் பந்தியிலேயே தயிர்சோறு வரைக்கும் தீர்ந்துவிட்டது. ஜி.பி.யும் அவர் தம்பியும் அந்தப் பந்தியில்தான் இருந்தார்கள். உன் அம்மா பக்கத்து வீட்டு அடுப்பையும் சேர்த்துப் பற்றவைத்து உப்புமா கிண்டினாள். கட்டுச்சோற்று விருந்தில் உப்புமா போட்ட குடும்பம் என்று இப்போது நமக்கு ஒரு பெயர் இருக்கிறது.

சாயங்காலம் நித்யா கிளம்பிப் போனாள். அவள் ஏறிய கார் திரும்பும் வரைக்கும் அமுக்கிக்கொண்டே நின்றேன். மறுநாள் உனக்கு அனுப்புவதற்காகக் கம்ப்யூட்டர் சென்டருக்குக் கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஆள் அடிமூடியைத் திறந்தார், உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, கார்டு போடலீங்களா?"

"போட்டனே. உங்களுக்கு வரலீங்களா? ராசிபுரத்துலயே நெறயப் பேருக்குப் போட்டனுங்க."

அவர் கேமராவை மேசையில் வைத்தார். பிறகு மேசை டிராயரிலிருந்து நகத்தளவு ஒரு கறுப்புத் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இதுக்குப் பேருதாங்க கார்டு. இது இல்லாம படம் எங்கீங்க போய் உக்காரும்?" என்றார். கேமராவை அவர் ஆன் செய்துகூடப் பார்க்கவில்லை. நீ இரண்டு முறை போனில் சொன்னதும் ஒவ்வொரு வார்த்தையாக எனக்குத் திரும்ப வந்தது. புதுசா. கார்டு. ஒண்ணு போதுமே. ஒரு ஜிபி பத்தாது. அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார்கள்.

வேடிக்கையாகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. கல்யாணமான கொஞ்ச நாளில் பெண்டாட்டியை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போனவன், அவள் வயிறும் வளையலுமாக நின்ற அந்த ஒரு நாளை ஒரு படத்திலாவது பார்க்கட்டும் என்றுதான் நான் மண்டிபோட்டது. மற்றவர்கள் எடுத்திருந்தாலாவது இருந்திருக்கும். அதையும் நானே மைக் வைத்துக் கெடுத்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் கத்தவில்லை. கேமராவை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "நாஞ் சொன்னப்ப ரெண்டு பேரும் சிரிச்சீங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த பஸ்ஸில் சேலம் போய் அவள் சொன்ன புத்தகத்தை வாங்கினேன். கேமரா கற்க விரும்புகிறவர்களுக்கு என்று அட்டையில் போட்டிருந்தது. டப்பாவில் இருந்த புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டையும் படிக்க உட்கார்ந்தேன். கம்பெனிக்காரன் கொடுத்தது பொடி எழுத்து. தமிழ் கிடையாது. கண்ணாடி போட்டுக்கொண்டு, எதிர்வீட்டு டீச்சரம்மாவைக் கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், பேட்டரியைத் தீயில் போடாதே, வாரைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளாதே, இதை வைத்துச் சூரியனைப் பார்க்காதே என்று ஒரே எச்சரிக்கை. செய்யக்கூடாததெல்லாம் அதில் இருக்கிறது. நான் அதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. விலை கொடுத்து வாங்கிய புத்தகத்தை எழுதியவரோ கேமரா மேல் ஆசை வைத்தவர். ஒளி, நிழல், பொறுமை என்று ஆரம்பித்து மலை உச்சியில் சூரியன் உதிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டு போகிறார். கார்டு பாதிப் புத்தகத்துக்கு மேல்தான் வருகிறது.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். புதிதாகக் கேமரா பிடிக்கிறவனுக்குத் தனிப் புத்தகம் வேண்டுமா என்று கேட்டால், கட்டாயம் வேண்டும். ஆனால் அதைக் கேமராவை மட்டும் தெரிந்தவன் எழுதினால் பத்தாது, என்னையும் தெரிந்திருக்க வேண்டும். முதல் பக்கத்திலேயே, கார்டு என்றால் அழைப்புப் பத்திரிகை அல்ல, ஃபுல் என்றால் டீசல் அல்ல என்று போட்டிருந்தால் உன் மாமனாருக்கு அந்தக் கழுத்து நரம்பு புடைத்திருக்காது. நீ சின்ன வயசில் பட்டறை லாரியை ஓட்டிப் பழகியது ஞாபகமிருக்கிறதா? பக்கத்தில் உட்கார்ந்து "கிளட்ச்ச விடு" என்றேன். விட்டாய். ஒரேயடியாக விட்டாய். வண்டி தாண்டிக் குதித்துப் பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் போய் நின்றது. உன்னை என்ன திட்டுத் திட்டினேன்! மெதுவாக விட வேண்டும் என்பது எனக்குக் காலிலேயே இருந்ததால் வாயில் வரவில்லை. உனக்கும் அப்படித்தான், கார்டு என்றால் என்ன என்பது விரல் நுனியில் இருந்ததால் எனக்கு விளக்கத் தோன்றவில்லை. நாளைக்கு உன் பிள்ளைக்கு நடக்கவோ எழுதவோ சொல்லிக்கொடுக்கும்போது, அது முழிக்கும். கத்தாதே. நீ சொன்ன வார்த்தை அதன் காதில் என்னவாக விழுந்தது என்று முதலில் கேள்.

இனி முக்கியமான சேதி. அந்தப் புத்தகத்தில் கார்டைப் பற்றிய பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. சில கேமராக்களில் கார்டு போடாவிட்டாலும் உள்ளேயே கொஞ்சம் இடம் இருக்கும், சில படங்கள் அதில் தங்கும் என்று. நான் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. சாவியைக் கேட்டேன். உன் அம்மா தரவில்லை. புத்தகத்தை நீட்டிப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு அவளே பூட்டைத் திறந்தாள். முக்கோணம் போட்ட பொத்தானை அமுக்கச் சொல்லியிருந்தது. அமுக்கினேன். முதலில் என் கட்டைவிரல் வந்தது. என் விரலைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கம்பம் வந்தது, உன் அம்மாவின் முதுகு வந்தது. அடுத்தது நித்யா.

மறுநாள் காலையிலேயே நாங்கள் இரண்டு பேரும் சேந்தமங்கலம் போய் அவளிடம் காட்டினோம். தலை பின்னவில்லை, நகையில்லை, நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. ஒரு கை வயிற்றின் மேல் இருக்கிறது. வாயைக்கூட மூட முடியாமல் சிரிக்கிறாள். ஜோடித்த பிறகு எடுத்த படம் ஒன்றுகூட இல்லையேம்மா என்று வருத்தப்பட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் அதே மாதிரி சிரித்தாள். "மாமா, அன்னிக்கி நீங்க ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு, நாக்க ஓரமா துருத்திக்கிட்டு அமுத்துனீங்க. உங்க மகனும் போட்டோ எடுக்கறப்ப அப்படியேதானுங்க. அவரே வந்து நிக்கறாப்பல இருந்துச்சு. அதான் சிரிப்பு வந்துருச்சுங்க" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது அவளுக்கு. உன் அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள்.

ஆகவே இதோடு அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். அவள் சிரிப்பது உன்னைப் பார்த்து. நடுவில் என் மூஞ்சி இருந்தது, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு நாம் என்னென்னவோ கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாக்கைத் துருத்துகிற பழக்கத்தையும் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது. தெரிந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம், சாமி.

குழந்தையின் முதல் படம் யார் எடுப்பது என்பதும் அங்கேயே முடிவாகிவிட்டது. உன் அம்மா, ஆஸ்பத்திரி நர்சம்மாவிடம் நித்யாவின் போனைக் கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தாள். நித்யா விடவில்லை. "மாமாதானுங்க எடுக்கோணும். நாக்கத் துருத்திக்கிட்டேதான் எடுக்கோணும்" என்றாள். பிறகு தன் பர்சைத் திறந்து, நடந்ததைக் கேள்விப்பட்டு அவளே கடைக்குப் போய் வாங்கி வைத்திருந்த நகத்தளவு துண்டை எடுத்து, என் கையிலிருந்த கேமராவின் அடிமூடியைத் திறந்து சொருகினாள். டக் என்று சத்தம் வந்தது. உன் அம்மா அதன்பிறகு கேமராவைப் பூட்டி வைக்கவில்லை. கூப்பிட்டதும் ஓடுவதற்கு வசதியாக வாசல் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள்.

கார்டு போட்டாச்சு, சாமி. திறந்து பார்த்துவிட்டேன், உள்ளேதான் இருக்கிறது.

உன் அப்பா